நாலு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவே

சத்தியநேசனுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக விடியுமுன் ரப்பர் விளைக்குள் தனியாக இறங்குகிறவனுக்கு அந்த நம்பிக்கை இருந்தால் அடுப்பு எரியாது. தலையில் மாட்டிய விளக்கின் வெளிச்சம் விழுகிற ஒரு முழம் மரப்பட்டைதான் அந்த நேரத்தில் அவனுக்கு உலகம். கத்தியை வைத்து இழுத்தால் பட்டை சுருண்டு விழும். பால் கசிந்து, வெட்டின வழியே இறங்கி, கப்பில் சொட்டும். அப்புறம் அடுத்த மரம். முந்நூற்றிருபது மரம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும்.

அப்படிப்பட்டவன் ஆவணி பிறந்த ஒரு விடியற்காலையில், மூன்றாவது வரிசையில் கத்தியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரோ ஓடினார்கள். சின்னக் கால். சருகின்மேல் சலசலவென்று ஓடி, நின்று, மறுபடியும் ஓடுகிற கால்.

விதை வெடிக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ரப்பர் காய் வெடித்து விதை தெறிக்கிற மாதம்தான் அது. ஆனால் வெயில் ஏறினால்தான் காய் வெடிக்கும். அப்போது மணி ஐந்துகூட ஆகவில்லை. மரமெல்லாம் பனியில் நனைந்து நின்றது. மரநாயாக இருக்கும் என்றான். மரநாய் இப்படி இடையிடையே நின்று, தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு ஓடாது.

அவனுக்குத் தெரிந்த ஓட்டம் அது. அவன் மகள் பெமிலா ஓடுகிற ஓட்டம். பெமிலாவோ வீட்டில் தாயின் பக்கத்தில் கிடந்து உறங்கினாள். கொஞ்ச நாளாக அவள் வீட்டில் அப்படி ஓடுவதில்லை. வீட்டில் ஓடாத கால் வேறே எங்கேயாவது ஓடித்தானே தீரும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் அவன் கையிலிருந்த கத்தி ஆழமாகப் பாய்ந்து மரத்தின் தடியையே தொட்டுவிட்டது. அப்படித் தொட்டால் மரத்துக்குக் காயம். இருபத்திரண்டு வருஷத்தில் எண்ணி நாலு மரத்துக்குத்தான் அவன் அதைச் செய்திருக்கிறான்.

பெமிலாவுக்கு ஏழு வயது. நடக்கப் படிக்காமலே ஓடப் படித்தவள். ஒரு பேச்சு முடியுமுன் மூன்று பேச்சு தொடங்குவாள். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தவள் ரெண்டு வாய் தின்பதற்குள் கிணற்றுச் சுவரின்மேல் நிற்பாள். ஒருநாள் வீட்டுக்குப் பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகைக்குள் புகுந்து, உறைய ஊற்றி வைத்திருந்த பால் முழுவதையும் சரித்துவிட்டு, வெள்ளையாக ஓடுகிறதைப் பார்த்துக் கைதட்டினாள். முதலாளி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளை ஜன்னல் பக்கத்திலிருந்து கதவுப் பக்கம் மாற்றினாள். கதவுப் பக்கத்திலிருந்து தன் மேசைக்குப் பக்கத்தில் மாற்றினாள். கடைசியில் அப்பனைக் கூப்பிட்டாள்.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மா நாலு மணி நேரம் அவளோடு விளையாடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது ஏடிஹெச்டி. கவனம் ஒரு இடத்துல நிக்காது, உடம்பும் நிக்காது. பிள்ளைக்க குத்தமும் இல்ல, வளத்தவங்க குத்தமும் இல்ல. இப்போ மாத்திரை வேண்டாம். சனிக்கிழமை தோறும் அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் இங்க பயிற்சி உண்டு. வாங்க." எழுந்திருக்கிறபோது அவனிடம் தனியாகக் கேட்டாள்: "குடிப்பீங்களா?"

"கிறிஸ்மஸுக்கு," என்றான்.

அவன் பெண்டாட்டி ஜெபகுமாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"இப்படிப்பட்ட பிள்ளைங்கள வச்சுக்கிட்டு சமாளிக்க முடியாம குடியில விழுந்தவங்க நெறைய பேரு இந்த நாற்காலியில இருந்திருக்காங்க. அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. வெக்கப்பட ஒண்ணும் இல்ல. எப்போ சொல்லத் தோணுதோ அப்போ சொல்லுங்க," என்றாள் டாக்டரம்மா.

ரெண்டு சனிக்கிழமை போனார்கள். மூன்றாவது சனிக்கிழமை மழை. அப்புறம் போகவில்லை.

ஜெபகுமாரி முந்திரிப்பருப்பு கம்பெனியில் வேலை செய்தாள். அண்டி ஆபீஸ் என்றால்தான் ஊரில் விளங்கும். காலையில் ஏழரைக்குப் போனால் அந்தி ஏழு மணிக்குத்தான் வருவாள். சத்தியநேசன் பால் வெட்டி, எடுத்து, உறைய ஊற்றி, ஷீட் அடித்து ஒரு மணிக்கு வீடு சேருவான். நாலு மணிக்குப் பள்ளிக்கூட வேன் பெமிலாவை ரோட்டு முக்கில் இறக்கிவிடும். நாலு மணியிலிருந்து ஏழு மணி வரைக்கும் அந்த வீட்டில் அவனும் அவளும் மட்டும்.

அந்த மூன்று மணி நேரத்தை அவன் யாரிடமும் சொல்லி விளங்க வைத்ததில்லை. விடியுமுன் எழும்பின உடம்பு. கண்ணுக்குள் மண் கிடக்கிற மாதிரி எரியும். பிள்ளை ஒரு நிமிஷம் கண்ணில் படவில்லை என்றால் கிணற்றை எட்டிப் பார்க்கணும். கண்ணில் பட்டால் ஏதாவது ஒன்று உடையும். "அப்பா, அப்பா, அப்பா" என்று ஒரு மணி நேரத்துக்கு நூறு தடவை கூப்பிடுவாள். என்னவென்று கேட்பதற்குள் அவள் அங்கே இருக்கமாட்டாள். ரெண்டு தடவை அடித்திருக்கிறான். ரெண்டாவது தடவை அவள் அழவில்லை, அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "சிவந்து போச்சு அப்பா, வலிக்குதா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் அவன் கையை ஓங்கவில்லை. பதிலுக்குக் குப்பியை எடுத்தான்.

முன்னேயும் குடிப்பான்தான், சனிக்கிழமை சனிக்கிழமை, எல்லாரையும்போல. இது அந்தக் குடி இல்லை. நாலு மணிக்கு வேன் சத்தம் கேட்கும்போதே தொண்டை தயாராகிவிடும். நாலரைக்கு ஒன்று. அஞ்சே காலுக்கு ஒன்று. அது உள்ளே இறங்கினால் பிள்ளையின் கூச்சல் பக்கத்து வீட்டில் நடக்கிற மாதிரி ஆகும். கோபம் வராது. குப்பியை அவன் கொட்டகையில் ஒட்டுப்பால் சாக்குக்குள் வைத்திருந்தான். மரத்திலே உறைந்து போன பாலைச் சேர்த்து வைக்கிற சாக்கு அது. அந்த நாற்றத்துக்கு முன்னால் வேறே எந்த நாற்றமும் நிற்காது.

ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பெமிலா நனைந்துகொண்டு வேனிலிருந்து இறங்கினாள். மூக்கு ஒழுகியது, நெஞ்சில் கரகரப்பு. பக்கத்து விளையில் பால் வெட்டுகிற பொன்னுலிங்கம் மழைக்குக் கொட்டகையில் ஒதுங்கியிருந்தான்.

"ஒரு மூடி பிராந்தி குடுடே," என்றான் அவன். "சுடுவெள்ளம், கொஞ்சம் சீனி. சளி எல்லாம் ஓடிரும். எனக்கு சின்னதுல எத்தன தந்திருக்காவ தெரியுமா? நான் என்ன கெட்டா போனேன்?"

"கெட்டுத்தானலே கெடக்க," என்றான் சத்தியநேசன். ரெண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். ஒரு மூடி ஊற்றினான். பெமிலா முகத்தைச் சுளித்துக் குடித்தாள். அரை மணி நேரம் கழிந்தது. கூரை ஓட்டைப் பார்த்தபடி இருந்தவன் மடியில் ஏதோ கனத்தது. அவள் வந்து தலையைச் சாய்த்திருந்தாள்.

ஏழு வருஷத்தில் அவள் தானாக வந்து அவன் மடியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். "அப்பா, மழ எங்கேருந்து வருது?" என்று கேட்டாள், பதிலை முழுக்கக் கேட்டாள். நோட்டை எடுத்து ரெண்டு வரி எழுதினாள். எழுத்து கோடு தாண்டவில்லை. அந்த ரெண்டு வரியைப் பார்த்துக்கொண்டு சத்தியநேசன் அழுதான்.

மறுநாள் சளி இல்லை. அவன் ஒரு மூடி ஊற்றினான்.

அதே வாரத்தில்தான் ஜெபகுமாரி நேர்ந்துகொண்டாள். நாற்பது நாள் மத்தியானச் சாப்பாடு இல்லை, தண்ணீரும் இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால் கம்பெனியின் பின்பக்கம் போய் முழங்காலில் நிற்பது. பிள்ளை அடங்கவேண்டும், மற்றப் பிள்ளைகளைப்போல ஆகவேண்டும். அவள் யாரிடமும் சொல்லாமல்தான் தொடங்கினாள். மூன்றாவது நாள் அந்தியில் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். பெமிலா பாயில் உட்கார்ந்து, படம் போட்ட புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்ச பாருங்க," என்றாள் ஜெபகுமாரி. "பிள்ளையப் பாத்தீங்களா? கர்த்தர் கேட்டுட்டாரு." அப்போதுதான் அவள் அந்த நேர்ச்சையைச் சொன்னாள்.

சொல்லவேண்டிய நேரம் அதுதான். சத்தியநேசனுக்கு அது தெரியும். வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பசியில் ஒடுங்கின முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வாயை மூடிக்கொண்டான்.

பிள்ளையின் வாயில் வாடை அடிக்காதா என்று கேட்கலாம். ஏலக்காய் மென்று துப்பச் சொல்லுவான். அதுகூட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் வீடே அந்த வாடைதான். எல்லாம் அவனுடைய வாடை என்று ஜெபகுமாரிக்குப் பழகிப்போயிருந்தது. "பிள்ள கொணப்பட்டாச்சு. இனி நீங்களும் அந்த எளவ விட்டுட்டா நான் எண்பது நாளும் இருப்பேன்," என்பாள்.

ரெண்டாவது வாரத்தில் ஒரு மூடி போதாமல் போனது. ரெண்டு மூடி ஆனது. பெமிலாவே கேட்கத் தொடங்கினாள். வேனிலிருந்து இறங்கிப் பையைக் கழற்றுமுன் கையை நீட்டுவாள்: "அப்பா, மூடி." குடித்துவிட்டால் ஒரு மூலையில் உட்கார்ந்து விரலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் சுவர்க் கடிகாரத்தின் சத்தம் கேட்டது. கோழி செத்தையைக் கிளறுகிற சத்தம் கேட்டது. முதலில் சுகமாக இருந்தது. அப்புறம், ஒருநாள், இத்தனை சத்தத்தையும் கேட்கிறோமே, வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் திக்கென்றது. மூலையைப் பார்த்தான். அவள் இருந்தாள். "மக்ளே," என்று கூப்பிட்டான். கொஞ்சம் கழித்து முகம் திரும்பியது. அந்த முகத்தில் அவனுடைய மகள் இல்லை. யாரோ அவளுடைய கவுனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்கடுத்த நாள்தான் விளைக்குள் அந்தக் கால் ஓடினது.

அதன் பிறகு தினமும் ஓடியது. விளக்கைத் திருப்பினால் நின்றுவிடும். கத்தியை வைத்தால் தொடங்கும். அவன் பொன்னுலிங்கத்திடம் கேட்டான்: "விடியப்பொறம் ஒனக்கு என்னமும் கேக்குதா?"

"கேக்கும். எனக்க பெண்டாட்டி ஏசுறது ரெண்டு விளை தாண்டியும் கேக்கும்," என்றான் பொன்னுலிங்கம். அப்புறம் இவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். "ஒனக்கு குடி கூடிப் போச்சு மக்கா. கொறைச்சுக்க."

நேர்ச்சையின் முப்பத்தோராம் நாள், குடித்துவிட்டுச் சாய்ந்த பெமிலா ஆறரை மணிக்கு எழும்பவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினான். தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. உள்ளங்கையை மூக்கின் பக்கத்தில் வைத்தான். அவன் கையெல்லாம் பால் காய்ந்த தோல். மூச்சு படுகிறதா என்றே தெரியவில்லை. முகத்தில் தண்ணீரை வீசினான். "பெமி, பெமி, அப்பா இனி தரமாட்டேன் மக்ளே, எழும்பு," என்று அவன் கெஞ்சியதை அந்த வீட்டுச் சுவர்கள்தான் கேட்டன. அவள் கண்ணைத் திறந்து வாந்தி எடுத்தாள். ஜெபகுமாரி வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிவிட்டான்.

மறுநாள் அவன் கொடுக்கவில்லை.

நாலேகாலுக்குத் தொடங்கியது. முன்னே இருந்த பெமிலா இல்லை அது. கையை நீட்டிக்கொண்டே வந்தாள். இல்லை என்றதும் தட்டை எறிந்தாள், அவன் மணிக்கட்டைக் கடித்தாள், தலையைச் சுவரில் முட்டினாள். ஏழு மணிக்கு ஜெபகுமாரி வந்தபோது பிள்ளை நடுவீட்டில் கிடந்து அலறிக்கொண்டிருந்தாள். அம்மா ஓடிவந்து அள்ளிக்கொண்டதும் சத்தியநேசன் கொட்டகைக்குப் போய்ச் சாக்குக்குள் கையை விட்டான். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தால், பிள்ளை உறங்கியிருந்தாள். ஜெபகுமாரி அடுக்களைச் சுவரில் சாய்ந்து விம்மிக்கொண்டிருந்தாள்.

"என்னாலதான்," என்றாள். "இண்ணைக்கு மத்தியானம் தல சுத்தி விழப் போனேன். கூட வேல செய்யுற லிஜி ஒரு கிளாஸ் சாயா குடுத்தா. குடிச்சுட்டேன். உபவாசத்த முறிச்சேன் இல்லியா, அதான் கர்த்தர் கைய எடுத்துட்டாரு. ஒரு கிளாஸ் சாயாவுக்கு எனக்க பிள்ளைய வித்துட்டேன்."

சத்தியநேசன் அவள் முன்னால் குந்தியிருந்தான். "சாயாவுக்கும் இதுக்கும் ஒண்ணும் இல்ல," என்றான். அவ்வளவுதான் வந்தது.

அதற்கடுத்த நாள் நாலு மணிக்கு மறுபடியும் ரெண்டு மூடி ஊற்றினான். ஜெபகுமாரியின் அழுகைக்காக ஊற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டான். மனுஷன் தனக்குச் சொல்லிக்கொள்கிற பொய்க்கு மட்டும் சாட்சி வேண்டாமே.

பிள்ளை மறுபடியும் அடங்கினதைக் கண்டு, கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று ஜெபகுமாரி நேர்ச்சையைத் தொடர்ந்தாள். நாற்பது நாள் முடிந்த சனிக்கிழமை போதகரைப் பார்த்துவிட்டு வந்தாள். "நாளைக்கு சபையில சாட்சி சொல்லணும்," என்றாள். கர்த்தர் செய்த நன்மையை ஆராதனையில் எல்லார் முன்னாலும் எழுந்து சொல்லுவது அந்தச் சபையில் வழக்கம். "அந்த டாக்டரம்மாக்கும் போன் பண்ணிச் சொல்லிட்டேன். இனி பயிற்சியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், பிள்ளைக்கு சொகமாச்சுண்ணு. ஒண்ணே ஒண்ணுதான் பயம். காலத்த எழும்பினா அவளுக்கு கொஞ்சம் துள்ளல் கூடுதலா இருக்கு. கோயில்ல மானத்த வாங்கிராம இருக்கணும்."

அன்று இரவெல்லாம் சத்தியநேசனுக்கு அந்தக் கணக்கு விளங்கிக்கொண்டே வந்தது. நாளைக்கு அவள் சொல்லிவிட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பிள்ளை சுகமாகவே இருந்தாகவேண்டும். நாளைக்கும், அடுத்த மாதமும், பத்து வயதிலும், பன்னிரண்டு வயதிலும். அந்த அற்புதத்தை நாலு மணிக்கு நாலு மணி யார் நடத்துவது? அவன் கைதான் நடத்தவேண்டும். ரெண்டு மூடி நாலாகும். என்றைக்காவது ஒருநாள், கன்னத்தில் வீசின தண்ணீருக்கு அவள் எழும்பமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜெபகுமாரி குளிக்கப் போனாள். பெமிலா புதுக் கவுனைப் போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து குதித்தாள், ஏறினாள், குதித்தாள். சத்தியநேசன் கொட்டகைக்குப் போய்ச் சாக்கின் முன்னால் நின்றான். பின்னாலேயே அவள் வந்தாள். கையை நீட்டினாள். "காலத்தேயும் உண்டா அப்பா?"

சின்ன உள்ளங்கை. பென்சில் கறை. அவன் சாக்கின் வாயைக் கட்டினான்.

"இல்ல மக்ளே."

"நான் கோயில்ல ஆடாம இருப்பேன். தா."

"ஆடினா ஆடிட்டுப் போ," என்றான்.

கோயிலில் பாட்டு முடிந்து, வாசிப்பு முடிந்து, போதகர் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஜெபகுமாரி பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனாள். அவள் அதுவரை மைக் பிடித்தவள் இல்லை. ஆனாலும் நன்றாகவே சொன்னாள். பிள்ளையால் தான் பட்ட அவமானத்தை, மற்றவர்கள் சொன்ன பேச்சை, நாற்பது நாள் மத்தியானத்தை. பெண்கள் பக்கத்தில் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். "ஸ்தோத்திரம்" என்ற சத்தம் அலை மாதிரி எழும்பியது.

பெமிலா முதலில் ஒரு காலில் நின்றாள். அப்புறம் மைக்கின் வயரைக் காலில் சுற்றினாள். அப்புறம் இழுத்தாள். ஸ்பீக்கர் வீலென்று கத்தியது. ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். ஜெபகுமாரி பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டாள். பிள்ளை நழுவி, பலிபீடத்துப் படியில் ஏறி, இறங்கி, ஏறினாள். "இண்ணைக்கு ஆளுகளக் கண்டு… கொஞ்சம்…" என்று ஜெபகுமாரி தடுமாறினாள். அவள் கண் புருஷனைத் தேடியது. வந்து பிடிங்களேன் என்று அந்தக் கண் கெஞ்சியது.

சத்தியநேசன் எழுந்து போனான். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். அவள் திமிறினாள்.

போதகர் நல்ல மனுஷன். நிலைமையை ஒப்பேற்ற நினைத்தார். "பிள்ளையின் தகப்பனாரும் ஒரு வார்த்தை சொல்லட்டும்," என்று மைக்கை அவன் கையில் கொடுத்தார்.

ஒரு வார்த்தை போதும். ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போய் உட்காரலாம். பிள்ளைக்குக் கூட்டத்தைக் கண்டு மிரட்சி என்று எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். நாளைக்கு நாலு மணிக்கு வேன் வரும்.

"பிள்ளைக்கு சொகமாகல்ல," என்றான் சத்தியநேசன்.

மைக்கில் அவன் குரல் அவனுக்கே வேறே யாரோ மாதிரிக் கேட்டது.

"பிள்ளைக்க அம்ம நாப்பது நாளு பட்டினி கெடந்தது உண்மதான். அதுல பொய் இல்ல. பொய் எனக்கதுதான். நான் குடிச்ச பிராந்திய பிள்ளைக்கும் குடுத்தேன். தெனமும். சாயங்காலம். அதான் அடங்கி இருந்தா. ஒரு நாளு எழும்பாம கெடந்தா. செத்துட்டாண்ணு நெனச்சேன். எழும்பினா. பின்னயும் குடுத்தேன்."

சபையில் யாரோ ஒருவர் இருமினார். போதகர் மைக்கை வாங்கினார். பாட்டுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். ஆர்மோனியம் தொடங்கியது. பாதிப் பேர் பாடினார்கள். மீதிப் பேர் ஜெபகுமாரியைப் பார்த்தார்கள்.

அவள் பிள்ளையைப் புருஷன் தோளிலிருந்து பறித்து இறக்கினாள். நடுவழியே நடந்து வெளியே போனாள்.

வீடு வரைக்கும் அவன் பத்தடி பின்னால் வந்தான். வீட்டுக்குள் போனதும் பிள்ளையை முற்றத்தில் விட்டுவிட்டு, நல்ல சேலையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"எடுங்க அத," என்றாள்.

"என்னத்த?"

"எடுங்கண்ணு சொன்னேன்."

சாக்குக்குள்ளிருந்து குப்பியை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தான்.

"எப்படிக் குடுப்பீங்க? அதுபோல கலக்குங்க. எத்தன மூடியோ, அத்தன."

"ஏட்டி, வேண்டாம்."

"எனக்க பிள்ள குடிச்சத நான் குடிக்கணும். கலக்குங்க."

சுடுவெள்ளம், சீனி, ரெண்டு மூடி. கிளாஸை நீட்டினான். ஜெபகுமாரி பிறந்து முப்பத்தாறு வருஷத்தில் அதைத் தொட்டவள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எரியுது," என்றாள். "இதயா குடிச்சா? அழல்லியா?"

"முதல்ல மொகத்தச் சுளிச்சா. பின்ன அவளே கேட்டா."

அவள் சுவரில் சாய்ந்து இருந்தாள். முற்றத்தில் பெமிலா ஒரு வாளியை உருட்டிக்கொண்டு ஓடினாள். அதோடு கூடவே கத்தினாள். கொஞ்ச நேரம் போனது. நாற்பது நாள் காய்ந்த வயிறு, சீக்கிரமே ஏறிவிட்டது. அவளுடைய புருவத்தின் நடுவில் ஏழு வருஷமாக இருந்த சுருக்கம் இளகுவதை அவன் பார்த்தான்.

"சத்தம் தூரத்துல போற மாதிரி இருக்கு," என்றாள் மெதுவாக.

"ம்."

"இதுக்குத்தானா நீங்க?"

"ம்."

"நல்லாத்தான் இருக்கு." அவள் தன் கையையே பார்த்தாள். "அதான் பயமா இருக்கு. நானும் நாலு மணிக்கு இஞ்ச இருந்தா இதத்தான் எடுத்திருப்பேன் போல." குப்பியைத் தள்ளினாள். "கொண்டு போய்க் கமத்துங்க. சனிக்கிழமை நாகர்கோவிலுக்குப் போறோம். ரெண்டு பேரும். கிறிஸ்மஸு, ஈஸ்டருண்ணு அங்க கத வுடக் கூடாது. பிள்ளைக்குக் குடுத்ததையும் சொல்லணும். ஜெயில்ல போடுவாங்களா?"

"தெரியாது."

"போட்டா போடட்டும். ஒங்கள மன்னிச்சுட்டேண்ணு மட்டும் நெனைக்காதீங்க."

அவன் வாழை மரத்தடியில் குப்பியைக் கவிழ்த்துவிட்டு வந்தபோது பெமிலா உள்ளே நின்றாள். காலியான கிளாஸை மோந்து பார்த்தாள். அம்மாவின் வாயையும் மோந்து பார்த்தாள். அவளுக்கு அந்த வாடை நன்றாகத் தெரியும்.

"அம்ம நீயும் குடிச்சியா? எனக்கு?"

கையை நீட்டினாள். இப்போது அம்மாவின் பக்கம் நீட்டினாள்.

ஜெபகுமாரி அந்தக் கையைப் பிடித்து, விரலை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள். "இல்ல மக்ளே. இனி இல்ல."

பெமிலா ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்தாள். அப்புறம் அலறினாள். கிளாஸ் சுவரில் மோதியது. தலையைப் பின்னால் எறிந்து விழப்போனவளை ஜெபகுமாரி எட்டிப் பிடித்தாள். பிள்ளை காலால் உதைத்ததில் அம்மாவின் உதடு கிழிந்தது. சத்தியநேசன் பாய்ந்து வந்து பிள்ளையின் தலைக்குக் கீழே தன் தொடையைக் கொடுத்தான். அவன் ரெண்டு கையையும் பிடித்தான். அவள் ரெண்டு காலையும் பிடித்தாள். பிள்ளை வில்லாக வளைந்தாள். அவளுடைய தொண்டையிலிருந்து வந்த சத்தம் தரை வழியாக அவன் எலும்புக்குள் ஏறியது. அவன் நாக்கு வறண்டது. உடம்பு பழக்கத்தில் கொட்டகைப் பக்கம் திரும்பியது.

"எங்க பாக்குறீங்க? இஞ்ச பாருங்க. பிள்ளையப் பாருங்க," என்றாள் ஜெபகுமாரி.

பார்த்தான். சிவந்து, நனைந்து, கோணிப்போன முகம். அவன் மகளின் முகம்தான்.

"கைய விட்டுறாதீங்க."

"விடல்ல."

அலறல் குறைகிற மாதிரிப் போய்த் திரும்ப ஏறியது.

"இது எவ்வளவு நேரம் கெடக்கும்?" என்று கேட்டாள் ஜெபகுமாரி.

"தெரியாது," என்றான் சத்தியநேசன். "முடியுறது வரைக்கும் நான் ஒருநாளும் இருந்ததில்ல."